அட்டவணையில் ‘க்’ எங்கே?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, பட்டறைச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அரம், உளி, திருப்புளி, ஜாக்கி என்று நானூறு இருக்கும். அவற்றை ஈமாக்ஸில் தட்டச்சு செய்து, வரிசைப்படுத்தி, அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், “என்னடா இது, ‘படி’ முன்னாடி வருது, ‘பட்டறை’ பின்னாடி வருது? ‘அளவு’க்கு அப்புறமா ‘அழுத்தம்’?” என்றார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. அகராதியில் ‘ட்’ முடிந்த பிறகுதான் ‘டி’ வரும். ழகரம் தாண்டித்தான் ளகரம். கணினி அகராதியைப் பார்ப்பதில்லை, எழுத்தின் எண்ணைப் பார்க்கிறது. யூனிகோடில் புள்ளியின் எண், உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பிந்தியது. அதனால் ‘ட்’ கடைசிக்குப் போய்விடுகிறது.

ஈமாக்ஸின் லிஸ்ப் நிரலில் இந்திய மொழிகளுக்கென ஒரு கோப்பு உண்டு. தாய்ச்சி கவாபாட்டா எழுதியது. அதிலுள்ள தமிழ் அட்டவணையை ஒரு பிரதியாகவே வாசிக்கலாம்: க, நில், நில், நில், ங. அடுத்த வரி: ச, நில், ஜ, நில், ஞ. லிஸ்பில் ‘நில்’ என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். (தமிழில் வாசித்தால் யாரோ வழிமறிப்பதுபோல இருக்கிறது.) தேவநாகரியின் வர்க்க எழுத்துகளுக்கான கட்டங்களில் தமிழ் குடிவைக்கப்பட்டிருக்கிறது. யூனிகோடிலும் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் இடையே அதே மூன்று காலியிடங்கள்.

இதைப் பெரிய அநீதியாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காலிக் கட்டம் யாரையும் கடிக்காது. கவாபாட்டாவுக்குப் பல எழுத்துமுறைகளுக்கும் பொதுவான ஒரு சட்டகம் தேவைப்பட்டது. என் குறை வேறு. இந்த அட்டவணைகளில் ‘க்’ என்ற எழுத்தே கிடையாது; ‘க’ உண்டு, புள்ளி உண்டு. தொல்காப்பியம் எழுத்து முப்பது என்று எண்ணும்போது மெய்யைத்தான் எண்ணுகிறது, உயிர்மெய்யை அல்ல. ஆனால் கை எழுதும்போது ‘க’ போட்டுத்தான் தலையில் புள்ளி வைக்கிறது. ஆக, அட்டவணை இலக்கணத்தை விட்டுக் கையைப் பின்பற்றியிருக்கிறது. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வரிசைப்படுத்த வரும்போது அது போதாது.

247 எழுத்துகளில் ஒரே எண்ணுக்குள் அடங்குபவை 31தான்: உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18. மற்ற 216க்கும் இரண்டிரண்டு எண்கள். 2010இல் தமிழக அரசு ஏற்ற டேஸ்-16 எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் தந்தது. வரிசைச் சிக்கலே எழாது. ஆனால் உலகம் யூனிகோடில் எழுதிக்கொண்டிருக்கிறது.

லிஸ்பின் சார்-டேபிள் ஓர் எண்ணைத்தான் சாவியாக ஏற்கும். எனவே சரங்களைச் சாவியாக்கி ஒரு ஹாஷ் டேபிள் கட்டினேன். எதைக் கேட்டாலும் ‘நில்’ என்றே பதில். ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. ஈமாக்ஸில் ஹாஷ் டேபிளின் இயல்பான ஒப்பீடு, ஒரே உருவுள்ள இரண்டு சரங்களை ஒன்றென்று ஒத்துக்கொள்ளாது. ‘ஈக்வல்’ என்று நாம்தான் சொல்லவேண்டும். சொன்னதும் ‘பட்டறை’ முன்னால் வந்து நின்றது.

புதிய தாளை அப்பா விரலால் தடவிக்கொண்டே கடைசி வரைக்கும் போனார். ஜகரத்தை நான் னகரத்துக்கும் பின்னால் வைத்திருந்தேன்.

“ஜாக்கிய ஏன்டா கடைசில தள்ளின? அது இல்லாம வேலையே ஆரம்பிக்க முடியாது.”