குமிழுக்குள் மௌனம்

ஸிஸி பெல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2014-இல் வெளியிட்ட 'எல் டெஃபோ' சித்திர நூல்தான். பாத்திரங்கள் எல்லாம் முயல்கள். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். நான்கு வயதில் செவிப்புலனை இழந்து, சாதாரணப் பள்ளியில் படித்த தம் கதையையே சொல்கிறார். சிறுமியின் மார்பில் கருவி; உபாத்தியாயினியின் கழுத்தில் மைக். அதை அணைக்காமலே அவர் கழிப்பறைக்குப் போக, அந்தச் சத்தமும் இவளுக்குக் கேட்கிறது! எல்லோரும் ரசிக்கும் கட்டம் அது. எனக்கோ பேச்சுக் குமிழ்கள்தாம் பெரிதாகப் பட்டன. பேச்சு எட்டாத இடங்களில் எழுத்துக்கள் குழம்புகின்றன, மங்குகின்றன, குமிழே வெறுமையாகிறது. நாவலாசிரியன் நான் பத்துப் பக்கம் வர்ணித்தாலும் இது வராது. தன்னை வீராங்கனையாக அவள் கற்பனை செய்யும் பகுதிகள் மட்டும் சற்றுத் திகட்டுகின்றன. மைக் கொண்டுவருவது உபாத்தியாயினியின் குரலைத்தானே? தோழிகளின் பேச்சை யார் கொண்டுவருவது? ஒருத்தி, உதவுவதாக நினைத்து, உரக்க இழுத்து இழுத்துப் பேசுகிறாள். இவளுக்கு எரிச்சல்தான் வருகிறது.