இடி இடித்தால் இடிக்கட்டும்!

மூணாற்றில் குடியிருந்துகொண்டு இன்னமும் காப்பர் லைனில் இன்டர்நெட் ஓட்டுகிறவர் யாராவது இருந்தால், கையைப் பிடித்து இழுத்துவந்து என் வீட்டில் உட்காரவைக்க வேண்டும். அதுவும் ஐப்பசியில், தேவிகுளம் பக்கம் வானம் கறுத்து இடி உருளத் தொடங்கும் சாயங்கால நேரத்தில். முன்பெல்லாம் அந்த நேரத்தில் வீட்டில் ஒரே ரகளை. "லைனைப் புடுங்குங்கடா!" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட, யாராவது பாய்ந்துபோய் மோடத்திலிருந்து போன் வயரை உருவுவோம். மின்னல் எங்கோ விழுந்தாலும் கம்பி வழியாக வந்து மோடத்தைக் கருக்கிவிட்டுப் போகும். இப்போது இடி பாட்டுக்கு இடிக்கிறது, மகள் பாட்டுக்குக் கோயம்புத்தூர் ஆபீஸோடு மீட்டிங் பேசிக்கொண்டிருக்கிறாள். இப்போது வீட்டுக்கு வருவது ஃபைபர், அதாவது கண்ணாடி இழை. கண்ணாடியில் மின்சாரம் பாயாது, அவ்வளவுதான் விஷயம்! பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்த இந்த ஒரு வரியை நினைத்து இந்த வயதில் புல்லரித்துப் போகிறேன்.

எல்லோரும் ஸ்பீடைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முதலில் மழை. செம்புக் கம்பியின் ஜாயிண்டில் ஈரம் இறங்கினால் போனில் கரகரவென்று சத்தம் வரும்; அதே கரகரப்புதான் நெட்டையும் தின்கிறது. நம் ஊரில் ஜூனில் தொடங்கும் மழைக்கு எந்த ஜாயிண்ட் தாங்கும்? தூரம் இன்னொரு வில்லங்கம். பழைய ஏடிஎஸ்எல் லைன் புத்தகக் கணக்கில் 24 எம்பிபிஎஸ் வரை தரும், ஆனால் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் வீடு இருக்கவேண்டும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளினால் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அந்தச் சிக்னல் டவுனில் கிளம்பினால் மாட்டுப்பட்டி அணையைப் பார்க்காது. ஃபைபரில் வெளிச்சம் 20 கிலோமீட்டர் வரை வழியில் கரண்ட் எதுவும் கேட்காமல் போகும். மாட்டுப்பட்டி 13 கிலோமீட்டர்தானே. அனுப்பும் வேகமோ காப்பரில் ஒரு எம்பிபிஎஸ் சொச்சத்தைத் தாண்டியதில்லை. மகள் ஒரு ஃபைலை அனுப்பவிட்டால் வீட்டில் வேறு யாரும் எதையும் தொடக்கூடாது என்று ஊரடங்கு போடுவாள். இப்போது கேட்பாரில்லை.

லைன் போட வந்த போடிக்காரத் தம்பி செய்த வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கறுப்புக் கேபிளைக் கீறி உள்ளிருந்து ஒரு இழையை எடுத்தான். 125 மைக்ரான், சேமியாவையெல்லாம் தடிமன் என்று சொல்லவைக்கும் மெல்லிசு. ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை 'டிக்'கென்று நறுக்கி, ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தான். திரையில் அவை பெரிதாகத் தெரிந்தன. தாமாகவே நெருங்கி வந்தன. ஒரு பொறி, ஒட்டிக்கொண்டன! ஒட்டின இடமே தெரியவில்லை. பிறகு பவர் மீட்டரைச் செருகிப் பார்த்து, "அண்ணாச்சி, மைனஸ் பத்தொம்பது. சூப்பர் பவர். இருபத்தேழு தாண்டினாத்தான் தகராறு" என்றான். இதற்கெல்லாம் விதை போட்டவர் சார்லஸ் காவோ என்ற விஞ்ஞானி. 1966-ல் அவர், கண்ணாடியைப் போதிய அளவு சுத்தமாக்கினால் வெளிச்சத்தில் பேச்சை அனுப்பலாம் என்று எழுதினார். 2009-ல் அதற்காக நோபல் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் 43 வருஷம் காக்க வைத்தது அநியாயம்.

மாற்றலாமா வேண்டாமா என்று வீட்டில் இழுபறி நடந்தது உண்மை. அப்பாதான் பிடிகொடுக்கவில்லை. "கரண்டு போனா உன் ஃபைபர்ல எப்பிடிப் பேசுவே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துவிடும், வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் மணி அடிக்கும். மூணாற்றுக்காரனுக்கு இது வெறும் வசதிப் பேச்சில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடி தோட்டத் தொழிலாளர் லயங்கள்மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை. வெளியே தெரிந்தது மறுநாள் காலையில்தான். அதை மனதில் வைத்துத்தான் அப்பா கேட்டார். ஆனால் எந்த மழை ராத்திரியில் போன் தேவையோ அந்த ராத்திரியில்தான் எங்கள் பழைய கம்பி ஊமையாகும். அதைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கிவந்தார். மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தோம், சில மணி நேரம் தாராளமாக ஓடுகிறது. எதிர்முனையில் இருக்கும் கருவிக்கும் பேட்டரி இருக்கவேண்டும், அது நம் கையில் இல்லை. பழைய நம்பரே புது லைனுக்கும் வந்தபிறகு அப்பாவின் முகம் முழுசாக மலர்ந்தது. திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த நம்பர்தான் மனப்பாடம்.

கம்பெனிப் பெயர் சொல்லி விளம்பரம் பண்ணப்போவதில்லை. உங்கள் லயம் வரை யார் கேபிள் வந்திருக்கிறதோ அவரிடம் வாங்குங்கள். கேரள அரசின் கேஃபோன் 2023 ஜூன் 5-ல் தொடங்கியபோது மாதம் 299 ரூபாய்க்கு 20 எம்பிபிஎஸ் என்று அறிவித்தார்கள். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது திட்டம். கரண்ட் கம்பத்திலேயே கேபிள் வருவதால் மலைக்கு மேலே குழி தோண்டும் பாடும் இல்லை. கம்பம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு வீட்டுக்கும் இழுப்பார்கள். உள்ளே தள்ளி இருந்தால் நாலைந்து வீடு சேர்ந்து கேளுங்கள். கேபிளைத் தாங்கிவரும் இரும்புக் கம்பியை வெளிச்சுவரோடு வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மின்னலுக்கு மறுபடியும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பவர் மீட்டர் காட்டுவதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். எதுவானாலும் மே மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஜூன் மழை பிடித்துவிட்டால் கம்பத்தில் ஏற ஆள் கிடைக்காது.