பங்குனித் தோட்டத்தின் கைப்பதம்

மாசிப் பனி விலகிப் பங்குனி வெயில் ஏறும் வாரங்களில் தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களின் வேலை முறை மாறுகிறது. புரட்டாசி ஈரத்தில் யார் நட்டாலும் செடி தழைக்கும். கோடைத் தொடக்கத்தில்தான் தோட்டக்காரரின் கைப்பதம் தெரியும்.

முதலில் நீர். விடியலிலோ பொழுது சாய்ந்த பின்போ ஊற்றுவதே மண்ணில் நிற்கும். தரையில் வளரும் செடிக்குத் தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் வேர்வரை இறங்கும்படி ஊற்றுவது மேல். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கி, சூட்டில் வாடும். தொட்டிச் செடிகளுக்கு இந்த விதி பொருந்தாது; அவற்றுக்கு அன்றாடம் நீர் வேண்டும். சருகையோ வைக்கோலையோ தண்டை ஒட்டாமல் நாலு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நெடுநேரம் இருக்கும். பந்தல் கொடிகளின் குழிக்கருகே மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பும் பழக்கம் மிக நேர்த்தியானது. மண் காயக் காயப் பானையின் நீர் கசிகிறது; ஈரம் போதுமானால் கசிவு குறைகிறது. செடியின் தாகத்தைப் பானையே அளந்து கொடுத்துவிடுகிறது.

பூக்களில் இது மல்லிகையின் காலம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் பெரும் விளைச்சல் பங்குனியில் தொடங்குகிறது. அதற்கான வேலையோ கார்த்திகையிலேயே, புதரை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதில் ஆரம்பமாகிவிடும். அரும்பு புதுத் தளிரின் நுனியில் கட்டுவதால், வெட்டத் தயங்கியவருக்கு இலைதான் மிஞ்சும். இப்போது தேவைப்படுவது எருவும் தவறாத நீரும். பறிப்பதில்தான் ரசனை இருக்கிறது: முற்றி வெளுத்து, இன்னும் விரியாத மொட்டை வெயில் ஏறும் முன் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தது அன்று மாலை தொடுத்த சரத்திலேயே அவிழ்ந்து மணக்கும். பச்சை மாறாத மொட்டு முழுதாக மலராது. பிஞ்சையும் முற்றலையும் விரல் தானாகப் பிரித்தறிய ஒரு பருவமாவது பழக வேண்டும்.

மாசியில் விதைத்த கொடிகள் இப்போது பந்தல் ஏறுகின்றன. ஒவ்வொன்றும் பூக்கும் வேளை வேறு. பூசணி விடியலில் விரியும், பாகல் காலையில். பீர்க்கனின் மஞ்சள் மாலையில் பளிச்சிடும். சுரை அந்திக்குப் பிறகு வெள்ளையாய் மலரும். புடலை இரவில் நூலிழை விளிம்பை விரிக்கும். ஆண் பூக்கள் முந்தி வருவதும், வெப்பம் மிகுந்தால் அவையே பெருகுவதும் இயல்பு. பூவின் அடியில் குட்டிக் காய் தெரிந்தால் அது பெண். வண்டு வராத மாடித் தோட்டத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிட்டாலே போதும். பூசணிக்குக் காலையில் செய்யும் இதைச் சுரைக்கு அந்தியில் செய்ய வேண்டும். புடலம்பிஞ்சு வளையாமல் நீள, நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பாகல், பீர்க்கன் பிஞ்சுகளைக் காகிதத்தில் பொதிந்தால் பழ ஈ துளையிடாது.

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவை வெயிலைத் தாங்கும். அதிகம் கவனிக்க வேண்டியதில்லை. வெண்டையை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும். குலை தள்ளிய வாழைக்குக் கோடைக் காற்று வீசும் முன் முட்டுக் கொடுப்பது அவசியம்.

மாமரத்தடியில் பிஞ்சு உதிர்வது கண்டு கலங்க வேண்டாம். பிடித்த பிஞ்சுகளில் பெரும்பாலானவற்றை மரமே கழித்துவிடும். பூக்கும் முன் நிறுத்திய நீரை, பிஞ்சு பட்டாணி அளவானதும் மீண்டும் தொடங்கினால் வறட்சியால் உதிர்வது குறையும். நீரை அடிமரத்தில் கொட்டுவது வீண். உறிஞ்சும் வேர்கள் கிளைகளின் நிழல் முடியும் விளிம்பை ஒட்டித்தான் மிகுதி. அந்த வட்டத்தில் பாத்தி எடுப்பதே முறை. உதிர்ந்து அழுகிய காய்களில் பழ ஈயின் புழுக்கள் இருக்கும் என்பதால் அவற்றை ஆழப் புதைக்க வேண்டும்.

காம்படியில் தோள் எழும்பிப் பருத்தால் காய் முற்றியது என்று பொருள். வலை கட்டிய தொரட்டியால் விரல் நீளக் காம்போடு இறக்க வேண்டும். பிறகு காம்பை ஒட்ட நறுக்கி, வெட்டுவாய் கீழ்நோக்கி இருக்குமாறு கவிழ்த்துவைத்தால் பால் தோலில் படாமல் வடியும். பால் பட்ட இடம் கறுத்து அழுகத் தொடங்கும். வடிந்த காய்களை வைக்கோலில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குகிறார்கள். பங்கனபள்ளி இப்படிப் பழுத்துக்கொண்டிருக்கும்போது, நீலம் ஆனிவரை மரத்திலேயே காத்திருக்கும்.