சமரசம் யாருடைய சொல்?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியுமுன்பே மில் வேனில் ஏறும் ஒரு பெண்ணுக்குக் கூலி குறைந்தால் அவள் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். சூப்பர்வைசர் தொட்டுப் பேசினால் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். சாதியைச் சொல்லித் திட்டினால் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். நம் சட்டம் அவளுக்கு மூன்று வாசல்களை வைத்திருக்கிறது. ஆனால் தையல் லைனில் இந்த மூன்றும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருகின்றன. டார்கெட் முடியவில்லை என்ற அதட்டலில் சாதி இருக்கிறது. சாதி தரும் துணிச்சலில்தான் கை நீள்கிறது. அனுபவம் ஒன்றாக இருக்க, அதைச் சொல்லும் மனு மட்டும் மூன்றாகக் கிழிக்கப்படுகிறது. தமிழ் இலக்கியம் படித்தவளாக இந்தச் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் பிரதிகளாக வாசிக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்தக் கிழிசல்தான்.

நம் நாவல்கள் இப்படிக் கிழிக்கவில்லை. தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிக’ளில் உப்பளத்துப் பெண்ணின் கூலியும் அவள் உடல்மீதான அத்துமீறலும் ஒரே கதை. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலில் சாதியையும் உழைப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் படிக்க முடியாது. புனைவு அறிந்திருந்ததைச் சட்டம் அறியாமலிருந்தது.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் சமரச அலுவலர், தொழிலாளர் நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று படிகளை அமைத்தது. அதன் ஆங்கில மூலத்தில் தொழிலாளி என்றாலே ஆண்பாற்சொல்தான். அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சொல் பொதுப்பாலாகிவிட்டது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு வேண்டும், தொழிலாளர்களில் பெண்கள் எத்தனை பங்கோ அதற்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அதே சட்டம், எந்தத் தொழிலாக இருந்தாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. பாதிப்பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தமாகவே கணக்கில் வைக்கிறது. அரசின் அனுமதியில்லாமல் ஆட்குறைப்பு செய்யக்கூடிய ஆலைகளின் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 வரை உயர்த்தியிருக்கிறது. வீட்டுவேலையைத் ‘தொழில்’ என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. குழுவில் பெண்ணுக்கு இடம் கிடைத்த அதே நேரத்தில், குழு கைவிட்டால் அவள் செய்யக்கூடியது சுருங்கிவிட்டது.

மாநில அரசு காப்பாற்றும் என்றும் சொல்லிவிட முடியாது. தொழிலாளர் நலனும் தொழில் தகராறும் பொதுப்பட்டியலில் இருப்பவை. 2021-இல் கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது தமிழ்நாடுதான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றதும் இதே தமிழ்நாடுதான்.

இப்போது சமரசத்துக்கு வருவோம். விசாகா வழக்கின் 1997 தீர்ப்பின் வழியில் வந்த 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டுமே சமரசம் செய்யலாம், பணம் கொடுத்து முடிக்கக் கூடாது என்கிறது. நல்ல வாசகம். ஆனால் குழுவை நியமிப்பவர் முதலாளி. மூன்றாண்டு முடிந்தால்தான் மொத்தத் தொகை என்று பெண்களை நூற்பாலை விடுதிகளில் வைத்திருந்த ‘சுமங்கலி’ திட்டம் நம் பகுதிக்குப் புதிதல்ல. புகார் சொன்னால் அந்தத் தொகை போகும், கல்யாணம் நிற்கும் என்று அஞ்சுகிறவள் “பேசி முடித்துக்கொள்ளலாம்” என்று சொன்னால், அது அவள் கேட்டதா, அவளைக் கேட்க வைத்ததா?

இந்தக் கேள்விக்கு நமக்கு மிக அருகில் ஒரு பதில் எழுதப்பட்டது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். அந்தப் பெண் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்ததைக் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் வெளியே சொன்னார்கள். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனமும், துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் ‘திண்டுக்கல் ஒப்பந்த’த்துக்கு வந்தன. பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன.

இந்தப் பிரதியை நான் மதிப்பது மூன்று காரணங்களுக்காக. பாலினத்தையும் சாதியையும் புலம்பெயர்ந்து வந்த நிலையையும் அது ஒரே பக்கத்தில் வைத்துப் பேசுகிறது. சங்கம் தேர்ந்தெடுத்த பெண்களைத் தளத்திலேயே கண்காணிப்பாளர்களாக நிறுத்துகிறது. பக்கத்து மிஷினில் இருப்பவளிடம் வாயால் சொன்னாலும் அது புகார்தான். மீறல் நடந்து ஆலை சரிசெய்யாவிட்டால், வாங்கும் நிறுவனம் ஆர்டரில் கைவைத்தே ஆக வேண்டும். உள்ளகக் குழுவிடம் இல்லாத பலம் இது.

ஆனால் அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திண்டுக்கல் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு வர ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஒரு கம்பெனியின் கொள்முதல் தேவைப்பட்டது. உள்ளூர்ச் சந்தைக்கு நூல் நூற்கும் மில்லில் இருப்பவளுக்கு அப்படி நெருக்கடி கொடுக்க எந்த பிராண்டும் இல்லை. வீட்டுவேலை செய்பவளுக்கு ஆலையே இல்லை. வேலையிடத்து வன்முறைக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கையையும், சங்கம் சேரும் உரிமை, கூட்டுப்பேர உரிமை பற்றிய 87, 98-ஆம் உடன்படிக்கைகளையும் இந்தியா ஏற்கவில்லை. சந்தை ஒப்பந்தம் எழுதியதை அரசு சட்டமாக எழுதியிருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை வழக்கறிஞராக, தொழிலாளர் அலுவலராக, ஏதோ ஒரு குழுவின் உறுப்பினராக உட்காரப்போகிறவர்கள். ஒரு சமரசத் தாள் உங்கள் முன் வந்தால் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். குழுவைத் தேர்ந்தெடுத்தது யார்? ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் எதை இழப்பாள்? மீறுகிறவர் எதை இழப்பார்? மூன்றாவது கேள்விக்குத் தாளில் பதில் இல்லையென்றால், சமரசம் செய்துகொண்டது அவள் மட்டும்தான்.