72-இல் ஒரு பங்கு விமானத்துக்கு ஏர்பிரஷ் தேவையா?

ஒரு போர் விமானத்தை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கும்போது பிளாஸ்டிக் உடல் மட்டும் சுருங்கினால் போதாது. அதன்மேல் ஏறும் வண்ணமும் அதே அளவில் சுருங்க வேண்டும். மாடல் கட்டுபவர்கள் பலரும் கிட்டின் துல்லியத்துக்காகப் பெரும்பணம் செலவிட்டுவிட்டு, வண்ணக் கருவியில் சிக்கனம் பிடிக்கிறார்கள். இந்த முன்னுரிமையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். அதைச் சோதிக்கப் பெங்களூருவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17 அன்று இங்கேதான் முதன்முதலாகப் பறந்தது. தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று இதே ஊரின் வானில் எழுந்தது. பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் மாருத்தையும் அஜீத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். அசலை அருகில் பார்க்க வாய்த்தவர்களுக்கு நகலின் குறையும் சீக்கிரம் தெரியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசினால் 0.1 மி.மீ. தடிமன் எளிதாகச் சேர்ந்துவிடும். 1/72 அளவில் அது அசல் விமானத்தின்மேல் 7.2 மி.மீ. தடிமனுள்ள வண்ணத்துக்குச் சமம். எந்தப் போர் விமானமும் அப்படி ஒரு பாரத்தைச் சுமந்து பறப்பதில்லை. தகடுகள் சேரும் கோடுகளும் ஆணி வரிசைகளும் கிட்டில் மயிரிழை ஆழத்தில்தான் செதுக்கப்பட்டிருக்கும். தூரிகை முதலில் பலிகொள்வது அவற்றைத்தான். காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் பேனாவான ஏர்பிரஷ், நன்கு நீர்த்த வண்ணத்தைப் பனிபோல் தூவும்போது முழுப் பூச்சும் சில பத்து மைக்ரானுக்குள் அடங்கிவிடுகிறது. செதுக்கல் செதுக்கலாகவே நிற்கிறது. வேகமோ பளபளப்போ இரண்டாம்பட்சம். ஏர்பிரஷ்ஷின் முதல் பயன் இந்த மெல்லிய தோல்தான்.

இந்திய விமானப்படையின் வண்ண வரலாறும் இதையே சொல்கிறது. 1960-களின் மிக்-21 விமானங்கள் வண்ணமில்லாத வெள்ளி உலோகத்துடன் வந்தவை. அந்தத் தோற்றத்துக்கு அல்கிளாட் போன்ற உலோக லாக்கரைப் பளபளக்கும் கறுப்பு அடித்தளத்தின்மேல் மிக மெல்லியதாகத் தெளிக்க வேண்டும்; தூரிகை பட்டால் அது கோடுகோடாகத் திரிந்துவிடும். 1971 போரின்போது அதே விமானங்கள்மேல் அவசர அவசரமாகப் பச்சை வண்ணம் ஏற்றினார்கள். வடிவங்கள் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு மாறின. அசலே ஒழுங்கில்லாத பூச்சுதானே, அதைத் தூரிகையால் பூசினால் இன்னும் உண்மையாக இருக்காதா என்று கேட்கலாம். இருக்காது. நம் தூரிகையின் ஒரு மயிர்த்தடம் அசலில் ஒரு பட்டைப் புண்ணாகப் பெருகும். அசல் விமானத்தில் இரு நிறங்கள் 5 செ.மீ. அகலத்துக்குக் கலங்கி நின்றால், மாடலில் அது 0.7 மி.மீ.தான். அந்தக் கலங்கலைத் தெளிப்பால்தான் கொண்டுவர முடியும். தேஜஸ், சுகோய்-30 காலத்துச் சாம்பல் நிறம் இன்னும் கடினமானது. ஒரே சாம்பலைச் சீராகப் பூசிய மாடல் பொம்மையாகத் தெரியும். கோடுகளின்மேல் முன்கூட்டியே கருநிழல் தெளித்து, அதன்மேல் சாம்பலை மெல்ல ஏற்றும்போதுதான் பரப்பு உயிர்பெறுகிறது.

இனி கருவி. புதிதாகத் தொடங்குபவருக்கு 0.3 மி.மீ. முனையும் மேலே கிண்ணமும் உள்ள டபுள் ஆக்‌ஷன் பேனாவே சரியான தேர்வு. விசையை அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் வண்ணம் என்று இரண்டும் தனித்தனியாகக் கைக்கு அடங்கும். மலிவான பேனாக்களும் நல்ல கோடு போடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றின் பலவீனம் சுத்தம் செய்யும்போது வெளிப்படுகிறது. கடுகளவு முனையைச் சிறிய ஸ்பேனரால் திருகிப் பொருத்தியிருப்பார்கள். சற்று அதிகம் திருகினால் மரை உடைந்து உள்ளேயே தங்கிவிடும். இவாட்டா எக்லிப்ஸ், ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் பேனாக்களில் முனை திருகப்படாமல் அதன் இருக்கையில் வைக்கப்பட்டு, மூடியால் இறுக்கப்படுகிறது. விலை பல மடங்கு. ஆனாலும் முதல் பேனாவாக மலிவானதையே பரிந்துரைக்கிறேன். மிச்சமாகும் பணம் பேனாவுக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரஸருக்குப் போகட்டும்.

பேனாவுடன் சேர்த்து விற்கும், கைக்குள் அடங்கும் பேட்டரி கம்ப்ரஸர் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் அழுத்தத்தைக் குறைக்கவோ கூட்டவோ வழியில்லை. காற்றைச் சேர்த்துவைக்கத் தொட்டி இல்லாததால் காற்று துடித்துத் துடித்து வரும். நுண்கோட்டில் அந்தத் துடிப்பு புள்ளிகளாகத் தெரியும். 3 லிட்டர் தொட்டியும் அழுத்தமானியும் உள்ள மின் கம்ப்ரஸர் இந்த இரண்டையும் தீர்க்கிறது. அக்ரிலிக்குக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானே நின்றுவிடுவதால் அடுக்குமாடி வீட்டில் அக்கம்பக்கத்தாருக்கும் தொந்தரவு குறைவு. பெங்களூருவில் இன்னொரு பகை ஈரம். காற்றை அழுத்தும்போது சூடாகிறது. குழாயில் போகும்போது குளிர்ந்து அதிலிருக்கும் ஈரம் நீராகப் பிரிகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழை மாதங்களில் அந்த நீர், முடியப்போகும் இறக்கையின்மேல் துளியாகத் துப்பப்படும். கம்ப்ரஸரோடு ஒட்டியிருக்கும் வடிகட்டி மட்டும் போதாது, ஏனென்றால் காற்று அங்கே இன்னும் சூடாகவே இருக்கிறது. பேனாவுக்கு அருகில் குழாயில் இரண்டாவதாக ஒரு சிறு வடிகட்டியை இணைப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள வால்வைத் திறந்து நீரை வடிக்க வேண்டும்.

வண்ணத்தில் தமியா அக்ரிலிக் இந்த ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. எரியும் தின்னர்களை விமானத் தபாலில் வரவழைப்பது சிரமம். தமியாவோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலேயே கரையும். சர்க்யூட் பலகை துடைப்பதற்காக எஸ்.பி. ரோடு கடைகளில் விற்கும் அதே திரவம்தான். பால் பதத்துக்கு நீர்த்துக்கொண்டால் போதும். வயேஹோவின் நீர் அக்ரிலிக்கில் மட்டும் அந்த ஆல்கஹாலைச் சேர்க்கக் கூடாது, திரிந்து கட்டியாகிவிடும். அதற்கு அதன் சொந்தத் தின்னரே வேண்டும். வாடை குறைவு என்பதற்காக எதையும் முகமூடி இல்லாமல் தெளிக்கக் கூடாது. என்-95 துகளை மட்டுமே தடுக்கும். லாக்கர் ஆவிக்குக் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடியும், ஜன்னல் வழியே காற்றை வெளியேற்றும் விசிறியும் கட்டாயம். மூடிய அறையில் இவை இல்லையென்றால் லாக்கரைத் தொடாமலிருப்பதே நல்லது.

ஹம்ப்ரால் எனாமலையும் தூரிகையையும் மட்டும் வைத்து ஒரு தலைமுறை அற்புதமான மாடல்களைச் செய்ததே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். எனாமல் மெதுவாக உலர்வதால் தூரிகைத் தடம் தானே சமனாகிவிடும். அந்தக் கைத்திறன் பாதி, வண்ணத்தின் பொறுமை பாதி. நிமிடங்களில் உலரும் இன்றைய அக்ரிலிக்கில் அந்தப் பொறுமை இல்லை. செலவு அடுத்த மறுப்பு. சுங்க அட்டவணை அளவு மாடல்களைப் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வைத்திருக்கிறது. பொம்மைகளின் அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் உயர்ந்தது. கிட்டுக்கே இவ்வளவு கொடுத்த பிறகு கருவிக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வரியே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆண்டுக்கு வாங்கக்கூடிய கிட்டுகள் குறையும்போது, ஒவ்வொன்றையும் கெடுக்காமல் முடிப்பதன் மதிப்பு கூடுகிறது. கிட் ஒருமுறைதான் கட்டப்படும். கம்ப்ரஸர் அடுத்தடுத்து வரும் எல்லா விமானங்களுக்கும் உழைக்கும்.

ஒரு விலக்கு உண்டு. ஆவடியில் உருவான விஜயந்தா, அர்ஜுன் போன்ற டாங்கிகளை மட்டும் 1/35 அளவில் கட்டுபவருக்கு ஏர்பிரஷ் அவசரமில்லை. அளவு பெரியது, மேலே ஏறப்போகும் சேறும் புழுதியும் தடத்தை மறைக்கும். டப்பா பிரைமரும் நல்ல தூரிகையும் அங்கே போதும். விமானி அறையின் பொத்தான்களுக்கும் விமானியின் முகத்துக்கும் எந்த மாடலிலும் தூரிகைதான் அரசன். மற்றபடி விமானம் கட்டுபவர்கள் அடுத்த கிட்டை ஒத்திப்போட்டு, தொட்டியுள்ள கம்ப்ரஸர், இரண்டு வடிகட்டிகள், மலிவான 0.3 பேனா, சரியான முகமூடி ஆகியவற்றை முதலில் வாங்கட்டும். பிறகு அருங்காட்சியகத்துக்குப் போய் மாருத்தின் தகடுக் கோடுகளையும் சக்கரக் குழிகளையும் படமெடுத்து வரட்டும். வெளியில் நிற்கும் விமானங்கள் திரும்பத் திரும்ப வண்ணம் பூசப்படுபவை என்பதால் நிறத்துக்கு மட்டும் பழைய படங்களை நம்ப வேண்டும். வடிவத்துக்கு அந்த உலோகத்தைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.