கடைசியில் நிற்கும் ங்

கொங்குப் பேச்சை "மரியாதைத் தமிழ்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். ஏனுங், சரிங், வாங்... எதற்கும் ஒரு ங் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த ங்-ஐக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், பாராட்டு அவ்வளவு சுலபமாக வாயில் வராதுங்க.

மெய்யெழுத்துக்கு ஊமையெழுத்து என்றும் ஒரு பெயர் உண்டு. உயிர் வந்து சேர்ந்தால்தான் வாய் திறக்கும். தனியாக விட்டால் அரை மாத்திரைதான். அதிலும் வல்லின மெய்கள் நிஜமாகவே ஊமை. "பாட்டு" என்று சொல்லி, கணினியில் அதன் ஒலி அலையைப் பாருங்க. ட் வருகிற இடத்தில் கோடு தட்டையாகக் கிடக்கும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் காற்று அடைபட்டு நிற்கிற நேரம் அது. அந்தச் சத்தமில்லாத இடைவெளி போதிய நீளம் இல்லையென்றால் காதுக்கு அது பாட்டாகவே கேட்காது.

ங் வேறு வகை. வாய் அடைத்தாலும் மூக்கு திறந்திருப்பதால் முனகிக்கொண்டே இருக்கும். "வாங்க" என்கும்போது பின்னால் வரும் ககரத்துக்காக அடைப்பு விட்டுத் திறக்கிறது. கோயமுத்தூர்க்காரர் "வாங்" என்று நிறுத்தும்போது அது திறப்பதே இல்லை. ககரமும் அதன் உயிரும் போய்விட்டன, மரியாதை மட்டும் மூக்கில் மிச்சம் நிற்கிறது!

இலக்கணப்படி இது நடக்கக் கூடாது. சொல்லின் இறுதியில் வரும் எழுத்துகள் 24 என்கிறது நன்னூல்: உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1. மெல்லினம் ஆறில் ஐந்துக்கு இடம் உண்டு, ங் ஒன்றுக்குத்தான் இல்லை. வேடிக்கை என்னன்னா, நன்னூல் செய்த பவணந்தி முனிவருக்குப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் ஊர் என்று இங்கே சொல்லிக்கொள்கிறோம்.

சினிமாவுக்கு இந்த விழுங்கல் அவ்வளவாகப் பிடிபடவில்லை. கமலும் கோவை சரளாவும் கொங்குத் தமிழ் பேசிய 'சதிலீலாவதி' 1995இல் வந்தது. கொங்கு பேசுகிறேன் என்று மேடையில் நகல் செய்கிற பலரும் "ங்கோவ்" என்று இழுத்துவிடுகிறார்கள். இழுப்பும் இங்கே உண்டுதான், தூரத்து ஆளைக் கூப்பிடும்போது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாதி ங்-கே கேட்காது.

இதெல்லாம் ஒலிக் கணக்கு. எனக்கு உறுத்துவது வேறு. இந்த ங் யாருக்கு வந்தது, யாருக்கு வரவே இல்லை? எழுபது வயது மாதாரி, பத்து வயதுப் பண்ணையக்காரர் மகனிடம் ங் போட்டுப் பேசுவார். பையன் "வாடா" என்பான். அந்தக் காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் தலித் சிறுவர்களின் உலகத்தைச் சொல்லும் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை (2000) படித்தவர்களுக்கு இது புதுசில்லை. பையனின் பதிலில் விடுபட்ட அரை மாத்திரையை எந்த ஒலி அலையும் காட்டாது. மரியாதைத் தமிழ் என்று மார்தட்டும் கட்டுரைகளும் காட்டுவதில்லை. ங் வருகிற இடங்களை மட்டும் எண்ணிக்கொண்டு போகின்றன.

மில்லும் டவுன் பஸ்ஸும் இதைக் கொஞ்சம் அசைத்தன. எதிரே நிற்பவர் யார், என்ன ஆள் என்று தெரியாத இடத்தில் எல்லோருக்கும் ங் போட்டுத்தான் ஆகணும். அதே ஆட்கள் ஊருக்குள் இறங்கி நாலு எட்டு நடந்ததும் பழைய கணக்குக்குத் திரும்புவதையும் கேட்டிருக்கிறேன்.