சீனத் தோட்டக்கலை: மரபுகளும் அளவுகோல்களும்

சீனத் தோட்டங்களை மூன்று மரபுகளாகப் பகுப்பது அறிஞர் வழக்கம்: வடக்கே பெய்ஜிங், செங்தே ஆகிய இடங்களில் பேரரசர்கள் அமைத்தவை, யாங்சி ஆற்றுக்குத் தெற்கே 'ஜியாங்னான்' எனப்படும் வளநாட்டில் கற்றறிந்த அதிகாரிகளும் செல்வர்களும் வீட்டோடு சேர்த்து எழுப்பியவை, குவாங்தோங் மாநிலத்து 'லிங்னான்' தோட்டங்கள். கடைசி வகை வெக்கைக்கேற்ப முற்றங்களைச் சுற்றி நெருக்கமாக அமைந்தது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் அதன் அடையாளம். வடக்கத்தித் தோட்டங்கள் பரப்பால் மலைக்க வைத்தாலும், அவற்றின் இலக்கணத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து பெற்றதே. பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையின் ஏரி, சியென்லுங் பேரரசர் ஹாங்சோ நகரின் மேற்கு ஏரியை மனத்தில் கொண்டு திருத்தி அமைத்தது. ஆகவே அளவுகோலைத் தேடுவோர் ஜியாங்னானின் சூச்சோ நகருக்கே போக வேண்டும்.

அந்த அளவுகோலை நூலாக வகுத்தவர் மிங் காலத்துத் தோட்டக் கலைஞர் ஜி செங். 1631இல் அவர் எழுதி முடித்த 'யுவான் யே', மதில், சன்னல், தளவரிசை, கல் தேர்வு முதலியவற்றை விளக்கி, 'கடன் காட்சி' என்னும் உத்திக்கு, அதாவது மதிலுக்கு வெளியே உள்ள மலையையோ கோபுரத்தையோ தோட்டத்தின் பகுதிபோல் காட்டும் திறனுக்கு, தலையாய இடம் தருகிறது. சூச்சோவின் ஜுவோசெங் தோட்டத்துக் குளத்தின் மேல் தொலைவிலுள்ள வடகோயில் கோபுரம் எழுந்து நிற்பது இவ்வுத்தியின் புகழ்பெற்ற சான்று. கல்லுக்கும் தனி இலக்கணம் உண்டு: தாய்ஹு ஏரியில் நீர் அரித்த சுண்ணாம்புக்கல் மெலிந்து, சுருக்கம் விழுந்து, நீர் வழியும் பொந்துகளும் ஒளி ஊடுருவும் துளைகளும் கொண்டிருக்க வேண்டும். சூச்சோவின் லியூ தோட்டத்தில் 6.5 மீட்டர் உயரத்தில் நிற்கும் குவான்யுன் கல் இதற்கு எடுத்துக்காட்டு.

எனினும், மறைத்துக் காட்டும் கலையில் அதே நகரின் வாங்ஷி தோட்டத்தை விஞ்சியது இல்லை எனலாம். ஏறத்தாழ அரை எக்டேர் இடத்தில் வீடும் தோட்டமும் அடங்கியிருக்க, நடுவிலுள்ள சிறு குளம் பெரிதாகத் தோன்றுவது அமைப்பின் தந்திரம்: தீவோ தாமரையோ நடுவில் இல்லை, ஓரங்களில் நீர் பாறைக்குள் நுழைந்து எங்கே முடிகிறது என்பது தெரிவதில்லை, தென்கிழக்கு மூலையில் சில அடிகளில் கடக்கும் கற்பாலம், தன் சிறுமையால் குளத்தை அகலமாக்குகிறது. கட்டடக்கலை அறிஞர் சென் சோங்சோ, ஜுவோசெங் தோட்டத்தை நடந்து காணவும், வாங்ஷியை அமர்ந்து காணவும் உரியதாகப் பிரித்தார். கூட்டமோ பெரிய தோட்டமான ஜுவோசெங்கையே நாடுகிறது. சூச்சோவில் ஒரு நாள் மட்டுமே தங்குவோர் காலையில் முதலில் வாங்ஷிக்குச் சென்று, குளக்கரை மண்டபத்தில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது.